வாசனையே இல்லாத அக்கா

செவ்வாய்க்கிழமை காலை மணி பத்து பத்து. மகனின் பம்பர்ஸைக் கழற்றினேன். உள்ளே தே ஓ கொட்டியதுபோல் இருந்தது. பால் விடாமல் கடும் சாயமாகக் கலந்த தேநீர், அந்த நிறம். உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யாரோ என்னிடம் நேரம் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

மகன் அழவில்லை. பம்பர்ஸ் மாற்றும்போதெல்லாம் எட்டி உதைப்பவன், போட்டது போட்டபடி கிடந்தான். மகள் பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா தூக்கு, அப்பா தூக்கு" என்று காதுக்குள் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்குள் வந்தது ஒரே ஒரு முகம். அந்த அக்காவின் முகம். எதையோ கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். முந்தின நாள்தான் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

அவர் பெயரை எழுத எனக்குத் துணிவில்லை. வீட்டில் அக்கா என்றே கூப்பிட்டோம், அப்படியே இருக்கட்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கெலாங் பாத்தாவில் எங்கள் தாமானிலேயே, அதே குடியிருப்புப் பகுதிக்குள், மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார். காலை எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, பகல் ஒரு மணிவரை என் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். மூன்று தெருவுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்பதுதான் அவர்மேல் எனக்கு எழுந்த முதல் சந்தேகம். காரணம் முழங்கால் வலி. அது தெரியவர இரண்டு மாதம் ஆனது, நான் கேட்கவே இல்லை என்பதால்.

வேலைக்கு வந்த முதல் நாள் அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கொஞ்சவில்லை. குனிந்து மகளின் உச்சந்தலையை முகர்ந்தார். பிறகு தன் முழங்கையின் உட்புறத்தில் மூக்கைப் புதைத்து ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம் மகனின் தலை.

"பொண்ணு இப்பதான் பால் குடிச்சிருக்கா. பையன் குடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. சரியா தம்பி?"

சரிதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எதையும் முகர்ந்துவிட்டுத்தான் தொடுவார். பால் புட்டி, துண்டு, தலையணை, வேகவைத்த கேரட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த முழங்கை. ஆனால் அவரிடம் எந்த வாசனையும் கிடையாது. பவுடர், பூ, தலைக்கு எண்ணெய், எதுவும் இல்லை. பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது, திரும்பினால் இருப்பார். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்ய எனக்குப் பல நாள் வரவில்லை.

"பவுடர்கூட போட மாட்டீங்களாக்கா?" என்று என் மனைவி ஒரு விடுமுறை நாளில் கேட்டாள்.

"பாசிர் கூடாங்ல எண்ணெய் கம்பெனிம்மா. இருபத்திரெண்டு வருசம் லேப்ல. சின்ன கப்புல செம்பனை எண்ணெய ஊத்தி, சூடு காட்டி மோந்து பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூக்கு தெளிய முழங்கைய மோந்துக்கணும். பவுடர் வாசம் அடிச்சா சூப்பர்வைசர் வெளிய நிக்க வெச்சிருவாரு. அப்படியே பழகிருச்சு லா."

"அதுக்கு மெஷின் இல்லையா?" என்றேன் நான்.

"இருந்துச்சு. மெஷின் ஓகே சொன்ன எண்ணெயத்தான் எங்ககிட்ட குடுப்பாங்க." அதைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன். "கண்ணுக்கு லேட்டாதான் தெரியும், தம்பி."

என் பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மனைவி காலை நான்கே முக்காலுக்கு இரண்டாம் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போனால், இரவு எட்டுக்குத்தான் வீடு. நான் வீட்டிலிருந்தபடி கட்டட வரைபடங்கள் வரைகிறேன். அதாவது, வரைவதாகச் சம்பளம் தருகிறவர்கள் நம்பினார்கள்.

ஆறு மணிக்கு ஒன்று எழும், அதன் சத்தத்தில் மற்றது எழும். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, இரண்டு வாய். ஒரு வாய் விழுங்குவதற்குள் மற்ற வாய் துப்பும். கழிவறைக் கதவை மூடிவிட்டு உட்காரும் வசதியை நான் மறந்தே போனேன். ஒன்றைக் குளிப்பாட்டும்போது மற்றதன் கையில் அகப்பையைக் கொடுத்துக் கதவுக்கு வெளியே வாளியைத் தட்டச் சொல்வேன். தட்டும் ஓசை நின்றால், சோப்பு நுரையோடு இருப்பதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். மகள் மெத்தையில் விழுந்தால் தூங்கிவிடுவாள். மகனுக்கு ஸ்பிரிங் தொட்டில் வேண்டும். அதிலும் தொட்டில் துணியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டுதான் தூங்குவான். இதற்கு நடுவில் கணினித் திரையில் கூட்டம் நடக்கும். மேசைக்கு அடியில் ஒன்று என் கால் ரோமத்தைப் பிடுங்கும்.

இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளோடும் உள்ளதுதான். என் பயம் வேறு. மகனுக்குப் பிறவியிலேயே ஜி சிக்ஸ் பி டி குறைபாடு. மகளுக்கு இல்லை. இங்கே பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். சாதாரணமாக ஒன்றும் தெரியாது, மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளருவான். ஆனால் சில மருந்துகள், சில உணவுகள், சில பொருள்கள் உடம்பில் சேர்ந்தால் அவன் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்துவிடும். சிறுநீர் கறுக்கும். நேரத்துக்குக் கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

கூடாதவை எவை என்று தேடித் தேடி, பதினொரு வரிகளில் ஒரு பட்டியல் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன். வீட்டுக்கு வரும் யாரும் அதை வாசிக்காமல் என் மகனைத் தூக்க முடியாது. அக்காவுக்கு இரண்டாம் நாள் காலையில் பரீட்சையே வைத்தேன், பட்டியலை முதுகால் மறைத்துக்கொண்டு.

"மூணாவது என்னக்கா?"

"பெரிய அவரக்கொட்டை. வறுத்து பாக்கெட்ல விக்கிறாங்களே, அது."

"நாலாவது?"

"சீன மருந்துக்கட வேரு."

"அஞ்சாவது?"

"பூச்சி உருண்டை. துணிக்கு நடுவுல வைக்கிறது. எங்க வீட்லயும் இருந்துச்சு தம்பி. நேத்தே எடுத்து வீசிட்டு எல்லாத் துணியையும் தோய்ச்சிட்டேன். என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்துரும்ல?"

இதைக் கேட்டு எந்தத் தகப்பனும் நிம்மதி அடைந்திருப்பான். எனக்குத் தோன்றியது வேறு: நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்.

மூன்றாவது வாரம், நான் புதிதாகத் திறந்த பால்மாவு டின்னை முகர்ந்துவிட்டு, "அடியில ஈரம் பட்டிருக்கு, வேணாம்" என்று அப்படியே குப்பையில் கவிழ்த்தார். காலாவதி தேதிக்கு எட்டு மாதம் இருந்தது. இரவில் நான் டின்னை எடுத்துப் பார்த்தேன். அடித்தட்டில் ஊசிமுனை அளவு துருப்பிடித்த ஓட்டை. அவரே போட்ட ஓட்டையாக இருக்குமோ என்று ஐந்து நிமிடம் யோசித்தவன் நான்.

மனைவிக்குத் தெரியாமல் பின்கட்டில் ஒரு சிகரெட் பிடிப்பேன். பிடித்து, பல் துலக்கி, சட்டை மாற்றிய பிறகே உள்ளே வருவேன். ஒருநாள் மகனை என் கையிலிருந்து வாங்கியவர் அவன் தோளை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையக் கழுவுனா பத்தாது தம்பி. முடியிலயும் நிக்கும்."

அவ்வளவுதான். மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, எதற்காக வைத்திருக்கிறார் என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது. அந்த வாரம்தான் என் பழைய கைப்பேசியைப் புத்தக அலமாரியில் அகராதிகளுக்கு நடுவே ஒளித்து, தொட்டிலைப் பார்த்தபடி படம் பிடிக்க வைத்தேன். அவர் இருக்கும் ஐந்து மணி நேரத்தை, பிள்ளைகள் பிற்பகல் தூங்கும்போது ஓட்டி ஓட்டிப் பார்ப்பேன். பார்த்ததெல்லாம் ஒரு பெண் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, துடைத்து, முகர்ந்து, முழங்கையில் மூக்கைப் புதைப்பதுதான். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு மேலும் சந்தேகமாக இருந்தது.

தொட்டில் துணி கிழிந்தது ஒரு சனிக்கிழமை. தற்செயலாக அன்று சிகாமட்டிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். "அண்ணா, நல்லதாப் போச்சு. அம்மா சேல ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்தாள். அம்மா போய் நான்கு வருடம். சிகாமட்டில் வெள்ளம் வரும் என்பதால் தங்கை துணிகளைத் தகரப் பெட்டியில் போட்டு அலமாரிமேல் ஏற்றி வைத்திருப்பாள். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட பருத்திச் சேலை. முகத்தில் வைத்தேன். அம்மாவின் அலமாரியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் தலையை விட்டு நிற்பேன்.

"ஒரு தடவ தோய்ச்சிட்டு கட்டலாம்ல?" என்றாள் மனைவி.

"தோய்ச்சா வாசன போயிரும்" என்றேன்.

அன்று மாலையே தொட்டில் கட்டினேன். மகன் அதன் ஓரத்தைச் சப்பிக்கொண்டு நன்றாகத் தூங்கினான். அம்மா மடியில் கிடக்கிறான் என்று தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. நான் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்தேன். அவர் தொட்டிலைக் காட்டி ஏதோ சொன்னார். நான் கையை ஆட்டி, அப்புறம், அப்புறம் என்று சைகை காட்டினேன். கூட்டம் பத்தரைக்கு முடிந்தது, இன்னொன்று தொடங்கியது. அவர் ஒரு மணிக்குப் போன பிறகுதான் வெறும் ஸ்பிரிங் தொங்குவதைப் பார்த்தேன். மகன் தரையில் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒளித்து வைத்த கைப்பேசியை எடுத்தேன். கடைசியில் கிடைத்துவிட்டது. அவர் தொட்டிலை முகர்கிறார். மகனின் வாய்க்குள் ஒரு விரலை விடுகிறார், அந்த விரலை முகர்கிறார். சேலையை அவிழ்க்கிறார். சுருட்டுகிறார். பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போடுகிறார். போகும்போது பை அவர் கையில்.

பிள்ளைகள் இரண்டையும் காரில் கட்டி உட்கார வைத்து அவர் வீட்டுக்குப் போனேன். சேலை வாசல் கொடியில், பாதி ஈரமாக, வெயிலில் கிடந்தது.

"ஒரு தண்ணிதான் அலசியிருக்கேன் தம்பி. இன்னும் நாலஞ்சு தடவ அலசணும். நாத்தம் போகல."

நாத்தம். அந்த ஒரு சொல்தான்.

"எங்கம்மா சேலக்கா அது. உங்களுக்கு நாத்தமா? கேக்காம எடுத்துட்டு வந்துட்டு இப்ப கதை சொல்றீங்களா?"

"கேட்டேனே தம்பி, காலையில. நீங்கதான் போன்ல இருந்தீங்க. அந்த லிஸ்ட்டுல..."

"லிஸ்ட்ட எனக்குச் சொல்லித் தராதீங்க. நான் எழுதின லிஸ்ட்டு. பிள்ள வாயில எதுக்கு வெரல விட்டீங்க? நாளையிலேர்ந்து வரவேணாம்."

வாயில் விரல் விட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு புரிந்துகொண்டார். முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் நான் சேலையை உருவிக்கொண்டு காரில் ஏறியபோது பின்னாலேயே நொண்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். என்னவோ சொன்னார். நான் கண்ணாடியை இறக்கவில்லை. சாயங்காலம் மூன்று முறை அழைத்தார். அவர் எண்ணைத் தடை செய்தேன். சேலை மின்விசிறிக் காற்றில் காய்ந்ததும் மறுபடி தொட்டில் கட்டினேன்.

மறுநாள் காலை பத்து பத்து.

மகனைச் சேலையோடு சுருட்டித் தூக்கினேன். அது அவன் வாயில் இருந்தது, பிடுங்கினால் அழுவான் என்று விட்டுவிட்டேன். மகள் இன்னொரு இடுப்பில். மருத்துவமனையில் கதவைத் திறக்க எனக்குக் கை இல்லை. முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. ஊசி குத்தும்போதுகூட அவன் முனகத்தான் செய்தான். அவனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். மகள் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குப் பதிலாக அவள் அழுதாள்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண், முகக்கவசத்துக்கு மேல் சோர்ந்த கண்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மருந்து கொடுத்தீர்கள்? அவரைக்கொட்டை? மூலிகை? வீட்டில் பூச்சி உருண்டை?

"கிடையவே கிடையாது" என்றேன். "ஒவ்வோர் இழுப்பறையையும் நானே கொட்டிப் பார்த்திருக்கிறேன். ஓர் உருண்டைகூட இல்லை."

அது உண்மை. பட்டியலில் ஐந்தாவதாக நான் எழுதிய அந்த வெள்ளை உருண்டை ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

"அப்படியானால் வேறு யாராவது?"

கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். வாய்க்குள் போகும் விரலை நிறுத்திக் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார். "என்சிக்" என்று மலாயில் மரியாதையாக விளித்து, "எது என்று கண்டுபிடியுங்கள்" என்றார். "அது இன்னும் உடம்போடு சேர்ந்துகொண்டே இருந்தால் நாங்கள் ஏற்றும் இரத்தமும் வீணாகிவிடும்."

மனைவி பாலத்தைக் கடந்து வந்து சேர மணி இரண்டரை ஆனது. மகளை வாங்கிக்கொண்டு மகனின் காலைப் பிடித்தபடி நின்றாள். ஒரு பை இரத்தம் ஏறி முடிந்திருந்தது. மூன்று மணிக்கு எடுத்த சோதனையில் சிவப்பணுக்களின் எண்கள் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றார்கள். மகன் சேலையை மார்பில் இழுத்து ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. நானே அதை மடித்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன்.

"நீங்க பேசாதீங்க. நான் கேக்குறேன்" என்று மனைவி தன் கைப்பேசியில் அக்காவை அழைத்தாள். "அக்கா, நான் சண்ட போடல. பிள்ள ஆஸ்பத்திரில கெடக்கான். மூத்திரம் கறுப்பாப் போவுது. என்ன குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேல எங்க இருக்குன்னு கேக்குறாங்க."

"பாத்தியா?" என்றேன். என் குரல் உயர்ந்து தாதி திரும்பிப் பார்த்தாள். "பிள்ள இந்த நெலமையில கெடக்கான். அவங்களுக்குச் சேலதான் வேணும்."

"வர்றேன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

வரட்டும் என்று நினைத்தேன். வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். போலீஸில் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன்.

இப்போது பிள்ளைகள் இருவரும் பாலர் பள்ளிக்குப் போகிறார்கள். மகன்தான் முதலில் ஓடி வேனில் ஏறுகிறான். ஏறுவதற்கு முன் நான் அவன் தலையை முகர்ந்து பார்ப்பேன். அவன் துணி, பை, பக்கத்துப் பிள்ளை கொடுத்த தொப்பி, எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பேன். வேன் ஓட்டுநர் சிரிக்கிறார். என்னை எப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், நானும் ஒருவரை அப்படித்தான் பார்த்தேன். அந்த அக்கா குளுவாங்கில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. அந்த எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். அழைக்கத்தான் முடியவில்லை.

அன்று மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். வார்டு வாசலில் நொண்டும் நடை. ஒரு கையில் தலைக்கவசம், இன்னொரு கையில் வெறும் பிளாஸ்டிக் பை. என்னையும் மனைவியையும் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போனார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

"மக்சிக், மாஸ்க்!" என்று மலாயில் அத்தை முறை சொல்லித் தாதி தன் மேசையிலிருந்து கத்தினாள்.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. முழங்கைக்குள் மூக்கை வைத்து ஒரு மூச்சு எடுத்தார். பிறகு குனிந்து மகனை முகர்ந்தார். அவன் வாயிலிருந்து சேலையின் ஓரத்தை மெதுவாக, பல்லில் மாட்டாமல், இழுத்தார். அவன் சிணுங்கினான். தன் சுண்டுவிரலை அவன் கையில் கொடுத்துவிட்டு, மற்றொரு கையால் சேலை முழுவதையும் சுருட்டிப் பைக்குள் திணித்தார். பல்லால் கடித்து முடிச்சு இறுக்கினார்.

அவர் பையை என் பக்கம் நீட்டினார். கோபம் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பும்போது சூப்பர்வைசரிடம் இப்படித்தான் சொல்லியிருப்பார்போல.

"உங்க லிஸ்ட்டுல அஞ்சாவது, தம்பி."